குண்டு விழுந்த முதல் நிமிஷம்: கடலூர் கடல், 1783 ஜூன் 20

என் பெரியப்பா 1971 சண்டையில் விக்ராந்த் கப்பலில் இருந்தவர். பாய்லர் ரூம் வேலை. ரொம்ப நாள் ஆசைப்பட்டு ஒருநாள் அவரிடம் கேட்டேவிட்டேன்.

"சண்டை ஆரம்பிச்ச முதல் நிமிஷம் எப்படி இருந்துச்சு பெரியப்பா?"

"எப்படி இருந்துச்சுன்னா? கேஜ் முள்ளு கொஞ்சம் கீழ இறங்குச்சு. அப்புறம் ஏறிடுச்சு."

"அவ்வளவுதானா?"

"வேற என்னடா இருக்கும் அங்க? ஜன்னலா வச்சிருக்கான், எட்டிப் பாக்க?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. டிசம்பர் 4 காலையில் விக்ராந்திலிருந்து சீ ஹாக் விமானங்கள் கிளம்பிப்போய் காக்ஸ் பஜார் விமானதளத்தைத் தாக்கின. நம் கடற்படைக்கு அது பெரிய நாள். அந்தக் கப்பலிலேயே இருந்த ஒரு மனுஷர் எனக்குச் சொன்னது ஒரு பிரஷர் கேஜைப் பற்றி. சினிமாவில் பார்த்த மாதிரி ஏதாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். விட்டுவிட்டேன்.

அந்தப் பேச்சு சில வருஷம் கழித்துத் திரும்ப ஞாபகம் வந்தது, எங்கள் ஊர்க் கடலில் நடந்த ஒரு சண்டையைப் பற்றிப் படிக்கும்போது. கடற்போர் என்றால் நமக்கெல்லாம் எம்டன்தான் நினைவுக்கு வரும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, மெட்ராஸ், எரிந்த எண்ணெய்த் தொட்டிகள். அதற்கு 131 வருஷம் முன்னால், 1783 ஜூன் 20-ஆம் தேதி மாலை, கடலூருக்கு எதிரே கடலில் 33 பெரிய போர்க்கப்பல்கள் மூன்று மணி நேரம் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் 15, ஆங்கிலேயர் பக்கம் 18. எல்லாக் கடற்படை வரலாறுகளிலும் இது உண்டு. எனக்கு உறைத்த விஷயம் அந்தக் கணக்குகளில் ஒரு வரியாக மட்டும் வருகிறது. சண்டைக்கு மூன்று நாள் முன்பு, கடலூரில் இருந்த தரைப்படையிலிருந்து சுமார் 1,200 பேரை பிரெஞ்சுக் கப்பல்களில் ஏற்றினார்கள். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் சிப்பாய்கள். நம்மூர் ஆட்கள்.

அந்த 600 பேரும் கப்பல்காரர்கள் இல்லை. தரையில் துப்பாக்கி தூக்கி நின்றவர்கள். செவ்வாய்க்கிழமை வரை மண்ணில் நின்றவனை வெள்ளிக்கிழமை கடற்போருக்குள் விட்டால் முதல் நிமிஷத்தில் அவன் எதைப் பார்த்திருப்பான், எதைக் கேட்டிருப்பான்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில், ஏன் சண்டை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க சுதந்திரப் போரில் பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததால் இங்கேயும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். ஹைதர் அலி பிரெஞ்சுக்காரர்களோடு கூட்டு. 1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. அந்த டிசம்பரில் ஹைதர் இறந்தார். மறு வருஷம் திப்பு மேற்குக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார், ஒரு பகுதிப் படையை மட்டும் இங்கே விட்டுவிட்டு. கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஒரு காலத்தில் ஹைதராபாத்தையே ஆட்டிப்படைத்தவர். இப்போது வயதாகி உடம்புக்கு முடியாதவர். ஆங்கிலேயர் பக்கம் ஜெனரல் ஸ்டூவர்ட் மெட்ராஸிலிருந்து படையோடு வந்து, 1783 ஜூன் 7 வாக்கில் ஊருக்குத் தெற்கே கூடாரம் போட்டார். வலது கை கடலோரம், இடது கை பண்டிபாலம் மலை.

'பண்டிபாலம்' என்று ஆங்கிலப் புத்தகங்களில் படித்தபோது எனக்குப் புரியவேயில்லை. அப்புறம்தான் பிடிபட்டது, நம்ம வண்டிப்பாளையம்! மலை என்பது கேப்பர் மலை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம். ஜூன் 13-ஆம் தேதி அந்தப் பக்கம் நடந்த தாக்குதலில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் பேர் செத்தும் காயம்பட்டும் போனார்கள். இன்று அந்த வழியாகப் போகிறவர்களுக்கு அங்கே மத்தியச் சிறை இருப்பது தெரியும். சண்டை நடந்தது தெரிந்தவர்களை நான் பார்த்ததில்லை.

ஸ்டூவர்ட்டின் படைக்குச் சோறு, மருந்து, குண்டு எல்லாம் கடல் வழியாகத்தான் வரவேண்டும். அந்தக் கப்பல்களுக்குக் காவலாக அட்மிரல் ஹியூஸ் தன் கப்பல்களோடு வெளியே நின்றார். ஹியூஸை விரட்டினால் முற்றுகை தானாக உடைந்துவிடும். அதற்காகத் திரிகோணமலையிலிருந்து வந்தவர் சுஃப்ரேன். இந்த இரண்டு பேரும் அதற்கு முன்னால் ஒன்றரை வருஷத்துக்குள் நாலு முறை மோதியிருந்தார்கள்: சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திரிகோணமலை. இது ஐந்தாவது.

சுஃப்ரேனிடம் கப்பல் இருந்தது, ஆள் இல்லை. நோயிலும் முந்தைய சண்டைகளிலும் போனவர்களுக்குப் பதில் ஆள் வர, பிரான்ஸ் ஆறு மாசத் தொலைவில் இருந்தது. ஹியூஸ் பக்கமும் நிலைமை மோசம்தான். குடிதண்ணீர் குறைந்துவிட்டது, மாலுமிகள் ஸ்கர்வி வந்து ஈறு வீங்கிப் படுத்துக்கிடந்தார்கள். சுஃப்ரேன் கரையிலிருந்து ஆள் கேட்டார். புஸ்ஸி கொடுத்தார்.

தரைப்படை ஆளை வைத்துக் கப்பலில் என்ன செய்ய முடியும் என்று எனக்கும் சந்தேகம் வந்தது. பதில் பீரங்கியில் இருக்கிறது. பிரெஞ்சுப் போர்க்கப்பலின் கீழ்த்தளத்துப் பெரிய பீரங்கி 36 பவுண்டு குண்டு போடும். பிரெஞ்சு பவுண்டு கொஞ்சம் பெரிது என்பதால் ஒரு குண்டு சுமார் 17 கிலோ. பீரங்கியின் எடை மூன்று டன்னுக்கு மேல். அது மரச்சக்கரம் வைத்த வண்டியில் உட்கார்ந்திருக்கும். சுட்டால் பின்னால் எகிறும். தடித்த கயிறு அதைப் பிடித்து நிறுத்தும். உள்ளே ஈரத்துணி விட்டுத் துடைக்கவேண்டும், மருந்துப் பையைத் திணிக்கவேண்டும், குண்டைத் திணிக்கவேண்டும், பிறகு மூன்று டன்னையும் கயிறும் கப்பியும் வைத்து இழுத்து மறுபடி வாய் வெளியே நீட்டும்படி கொண்டுவரவேண்டும். அதுவும் ஆடுகிற தரையில். ஒரு பீரங்கிக்குப் பதினாலு பதினைந்து பேர். அதில் வேலை தெரிந்தவன் நாலைந்து பேர் இருந்தால் போதும். குறி பார்க்கிறவன், மருந்து போடுகிறவன், திணிக்கிறவன். மற்றவர்களுக்கு ஒரே வேலை. "இழு" என்றால் இழுக்கவேண்டும். தேர் வடம் பிடித்தவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத வேலை.

ஆக, கடலூரிலிருந்து போன சிப்பாய்களில் பெரும்பாலோர் நின்றிருக்கக்கூடிய இடம் அந்தக் கயிற்று முனைதான்.

எப்படிப் போயிருப்பார்கள்? சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் கிட்ட வராது. அப்போது துறைமுகம் என்றால் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சலங்குதான் ஓடும். ஆணியே இல்லாமல் பலகையைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடிக்கும்போது உடையாமல் வளைந்துகொடுக்கும். மெட்ராஸில் இதையே மசூலா என்பார்கள். ஓட்டுகிறவர்கள் மீனவர்கள். தேவனாம்பட்டினத்துக் கரையில் நின்று ஜூன் மாதத்து அலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்று அலை தாண்டுவதற்குள் பழக்கமில்லாதவன் வயிறு கலங்கிவிடும். எதிரியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த 600 பேருக்கு அலையோடு ஒரு சண்டை முடிந்திருக்கும்.

பிறகு காத்திருப்பு. ஜூன் 17 ராத்திரியிலிருந்து 20 மாலை வரை. காரணம் காற்று. அந்தக் காலச் சண்டையில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் நிற்பவனுக்குத்தான் 'எப்போது மோதலாம்' என்று முடிவுசெய்யும் வசதி. கீழ்ப்பக்கம் நிற்பவன் வருகிறவனை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஜூன் மாதத்தில் இந்தக் கரையில் காலையில் கச்சான் அடிக்கும், சூடாக, தரையிலிருந்து. மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பும். இரண்டு கப்பல்படையும் இந்தக் காற்றுக்காக ஒன்றையொன்று சுற்றிச்சுற்றி வந்தன. 20-ஆம் தேதி மேற்குக் காற்று நின்று வீசியது. சுஃப்ரேன் கரைப்பக்கம், அதாவது காற்றுக்கு மேலே இருந்தார். மாலை நாலு மணி தாண்டி மோதல் ஆரம்பித்தது.

இங்கே ஒரு வேடிக்கையான விஷயம். சுஃப்ரேன் அன்று போர்வரிசையிலேயே இல்லை. 'க்ளியோபாத்ர்' என்ற சின்னக் கப்பலில் வரிசைக்கு வெளியே நின்று கொடி காட்டிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு ராஜாவின் உத்தரவு அப்படி. முந்தைய வருஷம் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த சண்டையில் அட்மிரல் த கிராஸ் தன் கப்பலோடு பிடிபட்டுவிட்டார். இனிமேல் தளபதிகள் வரிசைக்கு வெளியே நிற்கவேண்டும் என்றார்கள். அந்தச் சண்டை நடந்தது 1782 ஏப்ரல் 12. அதே தேதியில் சுஃப்ரேன் இலங்கைக் கரையில் ஹியூஸோடு மோதிக்கொண்டிருந்தார்!

இந்த உத்தரவால் நமக்குக் கிடைத்தது என்ன? மொத்தச் சண்டையும் கண்ணில் படக்கூடிய ஒரு இடம், வரிசைக்கு வெளியே. கடற்போரைப் பற்றி நாம் படிக்கிற வரைபடங்கள், 'இந்தக் கப்பல் திரும்பியது, அந்தக் கப்பல் இடைவெளியில் புகுந்தது' எல்லாம் அந்த மாதிரி இடத்திலிருந்து வருபவை. பிரெஞ்சு வரிசையில் 'ஃபாந்தான்' என்ற கப்பலில் தீப்பிடித்தது, 'ஃப்ளமான்' குறுக்கே வந்து அதைக் காப்பாற்றியது என்று படிக்கிறோம். 'ஃபாந்தான்' கப்பலின் கீழ்த்தளத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவனுக்குத் தன் கப்பல் பற்றி எரிகிறது என்பதே எவ்வளவு நேரம் கழித்துத் தெரிந்திருக்கும்?

உள்ளே நின்றவர்கள் எழுதியவை கொஞ்சம் இருக்கின்றன, வேறு சண்டைகளைப் பற்றி. எனக்குப் பிடித்தவை இரண்டு.

ஒருவர் சாமுவேல் லீச். 1812 அக்டோபரில் பிரிட்டிஷ் கப்பல் 'மாசிடோனியன்' அமெரிக்கக் கப்பல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்'உடன் மோதியபோது அவன் பதின்மூன்று பதினாலு வயதுப் பையன். மருந்துப் பை தூக்கி ஓடுவது அவன் வேலை. முப்பது வருஷம் கழித்துப் புத்தகம் எழுதினான். முதல் நிமிஷத்தைப் பற்றி அவன் சொல்வதில் பயம் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது ஒரு சத்தம். தலைக்கு மேலே பாய்த்துணியைக் கிழிப்பதுபோல ஏதோ ஒன்று. அது என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிகிறது, அது எதிரி குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தம். கப்பலில் வளர்ந்த பையன், அதனால் அவன் காது அதைப் பாயோடு சேர்த்துப் பொருத்திக்கொண்டது. எதிரிக் கப்பல் இன்னும் அவன் கண்ணில் படவில்லை. சண்டைக்கு முன்னால் இடத்தைவிட்டு ஓடுகிறவனைச் சுடுவதற்குத் துப்பாக்கியோடு அதிகாரிகளை நிறுத்தியதையும் எழுதியிருக்கிறான். இதெல்லாம் அவனுக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

இன்னொருவர் ஜான் நிக்கல். 1798-இல் நெல்சனின் நைல் சண்டையில் 'கோலியாத்' கப்பலில் இருந்தார். அவருக்கு இடம் கீழே, வெடிமருந்து அறையில். மேலே நின்று பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று அவரே ஆதங்கப்படுகிறார். அவருக்குச் செய்தி கொண்டுவந்தது மருந்து வாங்க வந்த பையன்களும் பெண்களும். ஆமாம், அந்தக் கப்பலில் பெண்கள் இருந்தார்கள். சண்டை நேரத்தில் மருந்து தூக்கினார்கள். சண்டை நடக்கும்போதே ஒருத்திக்குப் பிரசவமும் ஆனது. பிரெஞ்சுத் தளபதிக் கப்பல் 'லோரியான்' வெடித்தபோது ஐரோப்பாவே அதைப் பற்றிப் பேசியது, ஓவியம் வரைந்தது. நிக்கலுக்குத் தெரிந்தது ஒரு பெரிய குலுக்கல். தன் கப்பலின் பின்பக்கம்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். பையன்கள் வந்து சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இதைப் படித்த இடத்தில்தான் எனக்குப் பெரியப்பாவின் கேஜ் ஞாபகம் வந்தது.

விக்ராந்தில் விமானத்தை ஏவுவது நீராவியால். கேட்டபல்ட் என்று ஒரு பொறி, பாய்லரிலிருந்து வருகிற நீராவியை எடுத்து, ஒரு நொடியில் விமானத்தை இழுத்து எறியும். அந்த ஒரு நொடியில் நீராவி வெளியே போவதால் கீழே பிரஷர் இறங்கும். அதைத் திரும்ப ஏற்றுவதுதான் பாய்லர் ஆட்களின் வேலை. அந்த வருஷம் நாலு பாய்லரில் ஒன்று விரிசல் விட்டு உபயோகமில்லாமல் இருந்தது. மூன்றை வைத்துத்தான் ஓட்டினார்கள். முள் இறங்கியது என்றால் மேலே ஒரு சீ ஹாக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பெரியப்பா எனக்குச் சப்பையான பதில் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த சண்டையை அப்படியே சொன்னார். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

நினைவு ஏன் இப்படி ஒரு முள்ளிலும் ஒரு சத்தத்திலும் போய் ஒட்டிக்கொள்கிறது? உயிருக்கு ஆபத்து என்று உடம்பு முடிவுசெய்யும்போது அட்ரினலின் ஏறி கவனம் குறுகிவிடுகிறது. எதைப் பார்த்துக்கொண்டிருந்தோமோ அது அழுத்தமாகப் பதியும், சுற்றியுள்ளது கழன்றுபோகும். அழுத்தமாகப் பதிந்ததெல்லாம் சரியாகவும் பதிந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2004-இல் சார்ல்ஸ் மார்கன் என்ற மனநல மருத்துவரின் குழு, அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம் ஒன்றில் இதைச் சோதித்துப் பார்த்தது. எதிரியிடம் பிடிபட்டால் எப்படித் தாக்குப்பிடிப்பது என்ற பயிற்சி. முரட்டுத்தனமான விசாரணையும் அதில் உண்டு. தன்னை முகத்துக்கு முகம் அரைமணி நேரத்துக்கு மேல் விசாரித்தவர் யார் என்று மறுநாள் அடையாளம் காட்டச் சொன்னார்கள். மிரட்டல் குறைவாக இருந்த விசாரணையைவிட, கடுமையான விசாரணைக்கு ஆளானவர்கள்தான் அதிகம் தவறினார்கள். பயிற்சி பெற்ற சிப்பாய்கள், நல்ல வெளிச்சம், எதிரே உட்கார்ந்த ஆள். அப்படியும்.

இப்போது திரும்பவும் அந்தக் கீழ்த்தளத்துக்கு வருவோம். நிமிர்ந்தால் தலை உத்தரத்தில் இடிக்கிற உயரம். தரையில் மணல் தூவியிருப்பார்கள். எதற்கு என்று பக்கத்தில் இருக்கிறவன் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும், இரத்தத்தில் கால் வழுக்காமல் இருக்க. ஜூன் மாத வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த மரம். வெளியுலகம் என்பது பீரங்கி வாய் நீட்டியிருக்கிற சதுர ஓட்டை. அதையும் பீரங்கியே பாதி அடைத்துக்கொண்டிருக்கும். கட்டளை பிரெஞ்சில். பிரெஞ்சுப் படையில் இருந்த சிப்பாய்க்கு அணிவகுப்புச் சொற்கள் காதில் பழகியிருக்கும், கப்பல் சொற்கள் பழகியிருக்காது. தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எல்லாரும் கலந்த படை அது. முதல் குண்டு சுட்டதும் புகை உள்ளேயே அடிக்கும். இரண்டாவதுக்குப் பிறகு அந்த ஓட்டையும் தெரியாது. காது அடைத்துவிடும். அப்புறம் பின்னால் எகிறுகிற மூன்று டன் இரும்பு. தரைப்படையில் பீரங்கி பின்னால் நகர்ந்தால் ஒதுங்க இடம் இருக்கும், இங்கே இல்லை.

எதிரி குண்டு வந்தால் அது ஆளைத் தொடவே வேண்டாம். கப்பல் பக்கத்து மரத்தைத் துளைக்கும்போது சிதறுகிற சிம்புகள்தான் அதிகம் பேரைக் காயப்படுத்தியவை. ஈட்டி நீளத்துக்கு வரும். மண்சுவருக்குப் பின்னால் சண்டை போட்டுப் பழகியவனுக்கு சுவர் என்பது காப்பு. இங்கே ஒளிந்துகொள்ள நினைக்கிற சுவரே ஆளைக் கொல்கிறது. அந்த 600 பேருக்கும் முதல் நிமிஷத்தில் உறைத்திருக்கக்கூடிய விஷயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஜூன் 13-இல் வண்டிப்பாளையம் பக்கம் சண்டையைப் பார்த்தவன்கூட இதற்குத் தயாராக இருந்திருக்க முடியாது.

லீச்சுக்குப் பாய் கிழிகிற சத்தம் கேட்டது. நெசவுக்காரக் குடும்பத்திலிருந்து வந்த சிப்பாய்க்கு அது துணி கிழிகிற சத்தமாகவே கேட்டிருக்கலாம். பனைமரக் காட்டுப் பக்கத்து ஆளுக்கு ஓலை காற்றில் சரசரப்பது மாதிரி. எதையாவது ஒன்றை மனசு பிடித்திருக்கும்.

ஏழு மணிக்கு இருட்டியதும் சண்டை நின்றது. ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, ஒன்றும் பிடிபடவில்லை. ஆங்கிலேயர் பக்கம் 99 பேர் சாவு, 431 பேர் காயம். பிரெஞ்சுப் பக்கம் 102 பேர் சாவு, 386 பேர் காயம். தண்ணீரும் ஆளும் தீர்ந்துபோன ஹியூஸ் இரண்டு நாளில் மெட்ராஸுக்குத் திரும்பினார். சுஃப்ரேன் கடலூருக்கு எதிரே வந்து நங்கூரம் போட்டார். ஊருக்கு வெளியே முற்றுகை போட்டிருந்த ஸ்டூவர்ட்டுக்குச் சோற்று வழி அடைந்துபோனது. கணக்குப்படி பிரெஞ்சுக்காரர்களுக்கு வெற்றி.

ஆனால் இந்தப் போர் ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானத்துக்கான முதல் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது 1783 ஜனவரி 20. கடலூர்ச் சண்டை ஜூன் 20. சரியாக ஐந்து மாசம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வருகிற கடிதம் அதற்குள் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். 'மெடியா' என்ற ஆங்கிலக் கப்பல் வெள்ளைக்கொடியோடு கடலூருக்கு வந்து சேதி சொன்னது ஜூன் 29. ஒன்பது நாள்! இந்தத் தேதிகளை முதலில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

அந்த ஒன்பது நாளும் சும்மா போகவில்லை. கப்பலில் போன 1,200 பேரையும் சுஃப்ரேன் கரையில் இறக்கினார், கூடவே தன் ஆட்கள் ஆயிரத்துச் சொச்சம் பேரையும். ஜூன் 25 விடியலில் புஸ்ஸியின் படை வெளியே வந்து ஆங்கிலேயர் பதுங்குகுழிகளைத் தாக்கியது, தோற்றுத் திரும்பியது. கடலில் பிழைத்து வந்த சிப்பாய் யாராவது அதில் போய்ச் செத்திருந்தால், அவன் அந்த ஒரு வாரத்தில் இரண்டு விதமான போரைப் பார்த்துவிட்டான்.

அந்த ஜூன் 25 பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. அன்று பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்களில் காயம்பட்ட ஒரு சார்ஜெண்டை ஆங்கிலேயர் பக்கத்து ஜெர்மன் அதிகாரி ஒருவர் அன்போடு கவனித்தாராம். அந்த சார்ஜெண்ட்தான் பிற்காலத்தில் நெப்போலியனின் தளபதியாகி, 1818-இல் சுவீடனுக்கே ராஜாவான பெர்னதோத் என்பார்கள். பழைய புத்தகங்களில் கடலூர் முற்றுகை என்றாலே இந்தக் கதை வந்துவிடும். பெர்னதோத் இந்தியாவுக்கே வரவில்லை என்பதுதான் பிற்கால ஆய்வாளர்கள் பலரின் முடிவு. கடலூருக்கு வராத ஒருவருக்குக் கடலூரில் ஒரு நினைவு இருக்கிறது. வந்து கயிறு இழுத்த 600 பேரில் ஒருவர் பெயர்கூட நான் படித்த புத்தகங்களில் இல்லை.

தமிழில் யாரும் எழுதிவைக்கிற பழக்கமே இல்லாமல் இருந்தது என்றும் சொல்ல முடியாது. ஆனந்தரங்கப் பிள்ளை 1761-இல் இறந்துபோனார். அவருக்குப் பிறகும் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதினார்கள். இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு 1778-லிருந்து 1792 வரை போகிறது, இந்தச் சண்டை நடந்த வருஷமும் அதற்குள் வருகிறது. ஆனால் எழுதியவர்கள் ஊருக்குள், கரையில், அதிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். கப்பலின் கீழ்த்தளத்தில் கையெழுத்துத் தெரிந்தவன் இருந்தால்தான் லீச் மாதிரி ஒரு புத்தகம் வரும். அதுவும் முப்பது வருஷம் பிழைத்துக் கிடந்தால்.

எங்கள் ஊரில் கடலைப் பற்றிய நினைவு ஒன்று பத்திரமாக இருக்கிறது. அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட, அந்தக் கல்லே தெப்பமாகி அவர் கரை சேர்ந்தார் என்பது. அவர் ஏறிய இடத்துக்குப் பேரே கரையேறவிட்டகுப்பம். வண்டிப்பாளையத்துப் பக்கம்தான். வருஷா வருஷம் சித்திரையில் விழா எடுக்கிறார்கள். 1783-இல் சண்டை நடந்த அதே சுற்றுவட்டாரம். கடலுக்குள் தள்ளப்பட்டு உயிரோடு கரையேறிய இன்னொரு கூட்டமும் இந்தப் பக்கம் இருந்தது என்று அந்த விழாவுக்குப் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை, பெரியப்பாவைத் தவிர.

போன வருஷம் இதையெல்லாம் அவரிடம் உட்கார்ந்து சொன்னேன். கயிறு இழுக்கிற கதை, சிம்பு, ஐந்து மாசம் லேட்டான சேதி, எல்லாம். முழுக்கக் கேட்டார். காபி ஆறிப்போனது.

"அந்தக் கேஜ் முள்ளு இறங்குச்சுன்னு சொன்னீங்களே பெரியப்பா, எத்தனை தடவை?"

"எட்டு. எட்டு தடவை இறங்குச்சு. எண்ணிகிட்டே இருந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு பையன் மேல போறான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. போறப்பதான் ஸ்டீம் வேணும். எறங்கறப்ப வேணாம். கயித்துல மாட்டி நிறுத்துவான், அதுக்கும் பாய்லருக்கும் சம்பந்தம் இல்ல. எட்டு போச்சுன்னு முள்ளு சொல்லிடுச்சு. எத்தனை திரும்பி வந்துச்சுன்னு அது சொல்லாது பாரு."

"எப்படித் தெரிஞ்சுது?"

"டீ கொண்டுவந்த பையன் சொன்னான். எல்லாம் வந்துடுச்சுண்ணேன்னு."